நான்காவது முறை

கேள்வி: கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினேன். ஓர் அணையைப் பற்றிய கட்டுரையில், அதன் கட்டுமானத்தில் மேற்பார்வையாளராக இருந்த என் காலஞ்சென்ற தந்தையின் உழைப்பைக் குறித்து, அவர் வாயால் சொல்லக் கேட்டதை வைத்து ஒரு பத்தி சேர்த்தேன். 'சான்று இல்லை' என்று முகம் தெரியாத ஒருவர் நீக்கினார். ஒரே நாளில் மூன்று முறை திரும்பச் சேர்த்தேன். மூன்று முறையும் நீக்கினார்கள். இனியும் தொடர்ந்தால் என் கணக்கு தடை செய்யப்படும் என்று எச்சரிக்கை வந்ததால், நான்காவது முறை கல்லூரியில் படிக்கும் என் மகளை அவள் கணக்கிலிருந்து சேர்க்கச் சொன்னேன். அவள் இரண்டு ஆண்டுகளாக அங்கே எழுத்துப்பிழை திருத்தி வருகிறாள். அதுவும் நீக்கப்பட்டது. புதியவர்களை இப்படித்தான் விரட்டுவார்களா? நான் விலகிவிடலாமா?

பதில்: ஐயா, விலகலாமா என்ற கேள்வியோடு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அந்தக் கேள்வியைச் சற்று ஒதுக்கி வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு செய்தியை எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாக அங்கே எழுத்துப்பிழை திருத்தி வருகிறார். கடிதத்தின் மற்ற வரிகளையெல்லாம் விட என்னை நிறுத்தியது அதுதான்.

விக்கிப்பீடியாவில் ஒருவருக்குப் பட்டமோ பதவியோ வயதோ துணைக்கு வருவதில்லை. அவர் செய்த ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்துடன் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. அந்தப் பதிவுகளின் தொகுப்புதான் அங்கே அவருடைய பெயர். யாரும் பாராட்டாத ஒற்றுப்பிழைகளை இரண்டு ஆண்டுகள் திருத்தி உங்கள் மகள் அந்தப் பெயரைச் சம்பாதித்திருக்கிறார். நீங்கள் அதை ஒரே நிமிடத்தில் செலவழித்துவிட்டீர்கள், அதுவும் உங்கள் செலவுக்கு.

விதி தெரியாமல் செய்தீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்க, அதாவது மற்றவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதி வைக்கப்பட்ட விதி. மாறி மாறி நீக்கிச் சேர்க்கும் அந்தப் போக்கைத் 'தொகுப்புப் போர்' என்று பெயரிட்டே கண்டிக்கிறார்கள். எச்சரிக்கை வந்தது, படித்தீர்கள், புரிந்துகொண்டீர்கள். புரிந்துகொண்டதால்தான் மகளைக் கூப்பிட்டீர்கள். ஆனால் தடையைத் தாண்டுவதற்காக வேறொருவரை அழைத்து வந்தால், அந்த இருவரையும் ஒருவராகவே கருதி நடவடிக்கை எடுப்பது அங்குள்ள வழக்கம். ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து இரண்டு கணக்குகள் இயங்குவதைச் சரிபார்க்கும் கருவியும் குறிப்பிட்ட சில பொறுப்பாளர்களிடம் இருக்கிறது. உங்கள் மகள் தடை செய்யப்பட்டால், அது அவருடைய தவறுக்குக் கிடைத்த தண்டனையாக இருக்காது.

அவர் தயங்கினாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்றே எண்ணுகிறேன். இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அந்த விதி உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் செய்தார் என்றால், சொன்னது அப்பா என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. பெற்றோர் பிள்ளைகளிடம் உதவி கேட்பதில் ஒரு குறையும் இல்லை. தமக்குத் தடுக்கப்பட்ட ஒன்றைப் பிள்ளையின் கையால் செய்விப்பது எந்த வீட்டிலும் தகாத செயல் என்பது என் உறுதியான கருத்து. தந்தைக்குப் பட்ட கடன் உங்களுடையது. அதற்கு மகளின் பெயரை அடகு வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

இனி, அந்தப் பத்திக்கு வருகிறேன். 'அப்பா சொன்னார்' என்ற ஒரு வரியை மட்டும் இணைத்து வந்த செலவுப் பட்டியலை, இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது நீங்கள் ரசீது கேட்காமல் கையெழுத்திட்டு அனுப்பியதுண்டா? அங்கும் அதைத்தான் கேட்டார்கள். உங்கள் தந்தையை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. அவரையும் உங்களையும் அறியாத ஒரு வாசகர், ஏற்கெனவே வெளியான ஒன்றைப் புரட்டிச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே அங்குள்ள அடிப்படை. நேரில் கேட்டறிந்ததை முதன்முதலில் வெளியிடும் இடம் கலைக்களஞ்சியம் அல்ல. நீங்களே ஒரு சிறு நூல் அச்சிட்டு, அதையே சான்றாகக் காட்டுவதும் செல்லாது.

நீக்கியவரை முகம் தெரியாதவர் என்கிறீர்கள். அந்தக் கட்டுரையோடு ஒரு பேச்சுப் பக்கமும் இணைந்திருக்கிறது. சேர்த்தது நீக்கப்பட்டால், மறுபடி சேர்ப்பதற்கு முன் அங்கே சென்று காரணம் கேட்க வேண்டும். நான்கு முறை போராடிய கதையைச் சொல்லும் உங்கள் கடிதத்தில், அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியதாகக் கூட இல்லை. பேசாதவருக்கு எதிரிலிருப்பவரின் முகம் எப்படித் தெரியும்?

அணையின் கட்டுமான அறிக்கைகள், திறப்பு விழா மலர், அக்கால நாளிதழ்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். உங்கள் தந்தையின் பெயர் அச்சில் இருந்தால், நூல், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைப் பேச்சுப் பக்கத்தில் வைத்து, நீங்கள் அவருடைய மகன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லி, சேர்ப்பதா வேண்டாமா என்பதை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அச்சில் இல்லையென்றால் அந்தப் பத்தி அங்கே இடம்பெறாது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கட்டுமான நாட்களில் உங்கள் தந்தை தம் கையால் எடுத்த ஒளிப்படங்கள் வீட்டில் இருக்குமானால், அவற்றின் உரிமை வாரிசுகளுக்கு வந்திருக்கும். அனைவரும் சேர்ந்து, யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்துக்கு வழங்கலாம். (படத்தில் அவர் இருப்பது வேறு, படத்தை அவர் எடுத்திருப்பது வேறு, உரிமை எடுத்தவருக்கே.) சான்றில்லாத ஒரு பத்தியை விட அப்படிப்பட்ட ஒரு படம் அந்தக் கட்டுரைக்கு எவ்வளவோ பெரிய வரவு.

இவையெல்லாம் அடுத்த வாரத்துக்கு. இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். நான்காவது திருத்தம் உங்கள் சொல்லால் நடந்தது, பொறுப்பு முழுவதும் உங்களுடையது என்று உங்கள் கணக்கிலிருந்து பேச்சுப் பக்கத்தில் எழுதி, இறுதியில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டுக் கையொப்பமிடுங்கள். வெளியிடுவதற்கு முன் அதை மகளிடம் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்லும் இடங்களைத் திருத்துங்கள்.