நேற்று கம்பைல் செய்தது, இன்று 'ட்ரோஜன்'?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். பைத்தான் நிரலை பைஇன்ஸ்டாலர் என்ற கருவி மூலம் ஒரே எக்ஸ்இ கோப்பாக்கி ஒரு கடையில் போட்டதும், 'ட்ரோஜன்' (நல்ல மென்பொருள் வேடத்தில் வரும் தீய நிரல்) என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தூக்கிவிட்டது. கடைக்காரர் என்னையே சந்தேகப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: எச்சரிக்கையில் வந்த பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்பதும் இருக்கிறதா? இருந்தால் அது இயந்திரக் கற்றல் ஊகம். வைரஸின் சாயல் தெரிகிறது என்கிறது, அவ்வளவுதான். ஒற்றைக் கோப்பாகக் கட்டியது, ஓடும்போது தற்காலிக ஃபோல்டரில் தன்னைப் பிரித்துப் போடும். வைரஸ் எழுதுகிறவர்களும் இதே பைஇன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்துகிறார்கள். போதாக்குறைக்கு, உங்கள் கோப்பை இதுவரை யாரும் இயக்கியதே இல்லை; டிஃபெண்டருக்கு அது முன்பின் தெரியாத கோப்பு.

ஒற்றைக் கோப்பை விட்டு ஃபோல்டராகக் கட்டுங்கள். கோப்பைச் சிறிதாக்கும் யுபிஎக்ஸ் சுருக்கம் வேண்டாம். அப்படியும் பிடித்தால், மைக்ரோசாஃப்டின் கோப்புச் சமர்ப்பிப்புப் பக்கத்தில் மென்பொருள் உருவாக்குநராக அனுப்புங்கள்.

"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க" என்று மட்டும் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். புதுச்சேரியில் நான் பார்க்கப் போன ஒரு கடையில், பில்லிங் போட்டவர் சி டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் (டிஃபெண்டர் ஸ்கேன் செய்யாமல் விடும் இடங்கள்) சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு அங்கே எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் கண்டுகொள்ளாது. 'எதுவும் பிடிக்காதபடி பேக் பண்ணித் தருகிறோம்' என்று டெலிகிராமில் விற்பவர்கள் இன்னும் மோசம். வைரஸை ஒளிக்கச் செய்த கருவிக்குள் உங்கள் கோப்பைப் போடுவார்கள்; கூடவே எதைச் சேர்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மென்பொருளை வெளியிட்டது யார் என்று காட்டுவது கையொப்பச் சான்றிதழ்; இன்னொருவர் பெயரிலுள்ள அதைக் குறைந்த விலைக்குத் தரும் தரகரிடமும் போகாதீர்கள். அது ரத்தானால் உங்கள் மென்பொருளும் மாட்டும்.

சான்றிதழை முறையாக வாங்கினாலும் பாடுதான். 2023 ஜூன் முதல், கையொப்பமிடும் ரகசியச் சாவியை யுஎஸ்பி டோக்கன் போன்ற பாதுகாப்பு வன்பொருளில்தான் வைக்க வேண்டும். அத்தனையும் செய்தாலும், அறிமுகமில்லாத கோப்பைத் திறக்கும்போது எச்சரிக்கும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் உடனே நம்பாது. நாலு கடைக்கு எழுதித் தருகிறவர் இதற்கெல்லாம் எங்கே போவார்? இந்த ஏற்பாட்டில் சின்ன ஆட்களை யாரும் நினைத்தே பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. எச்சரிக்கை நிஜமாகவும் இருக்கலாம். 2009-ல் வெளிச்சத்துக்கு வந்த இன்டக் வைரஸ், டெல்ஃபி என்ற நிரல்மொழியின் கம்பைலர் (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கருவி) எடுத்துக்கொள்ளும் நூலகக் கோப்பிலேயே புகுந்தது. அந்தக் கணினியில் கம்பைல் செய்த டெல்ஃபி நிரல் ஒவ்வொன்றும் வைரஸோடுதான் பிறந்தது, எழுதியவருக்கே தெரியாது. அதனால் ஒரே ஒரு வரி நிரலை உங்கள் கணினியிலும், புதிதாக விண்டோஸ் போட்ட வேறொரு கணினியிலும் கம்பைல் செய்து இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். உங்களுடையது மட்டும் மாட்டினால் கணினியைச் சுத்தம் செய்யும்வரை கடைக்கு எதையும் எடுத்துப் போகாதீர்கள்.