குரல் உயர்ந்தாலே உறைந்துபோவது பலவீனமா?

கேள்வி: "சின்ன வயது முழுக்க அப்பாவிடம் அடியும் வசவும் வாங்கி வளர்ந்தேன். இப்போது 29 வயது, நல்ல வேலை. ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் போதும், உறைந்துபோகிறேன், வாயே திறக்க முடிவதில்லை. பழசை மறந்துவிடு என்கிறார்கள். நான் பலவீனமான ஆளா? மீள முடியுமா? கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம் இதைச் சொல்லலாமா?"

பலவீனம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் யாரும் இதைச் சொல்லாமலே 31 வயது வரை ஓட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லாமே சாவிச் சத்தத்தில்தான் தொடங்கும். அப்பா வாசல் பூட்டில் சாவியைப் போடுகிற விதத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும். ஒரே தடவையில் நுழைந்து திரும்பினால் பயமில்லை. இரண்டு மூன்று தடவை உரசிவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு நுழைந்தால், தம்பி நோட்டை மூடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நான் போக மாட்டேன். சுவரோடு சுவராக நின்றுவிடுவேன், கை கால் எதுவும் என்னுடையது இல்லை என்பது போல. ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை, ஒரு தடவையாவது அந்தக் கையைப் பிடித்து ஏன் தடுக்கவில்லை என்று இருபது வருடம் என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கான பதில் உடம்பில் இருக்கிறது. ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பது, ஓடுவது, உறைந்துபோவது என்று உடம்புக்குச் சில வழிகள்தான் உண்டு. அதில் எதை எடுப்பது என்று நாம் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை, மூளையின் ஆழத்தில் அமிக்டலா போன்ற பகுதிகள் நமக்குத் தகவல் வந்து சேரும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஒரு எட்டு வயதுப் பையன் வளர்ந்த ஆளை அடித்து ஜெயிக்கவும் முடியாது, ஓடிப்போய்த் தனியாகப் பிழைக்கவும் முடியாது. அசையாமல் நின்றால் அடி சீக்கிரம் ஓயும். அந்த வயதில் அதுதான் அவனுக்கு இருந்த ஒரே வழி, அதை அவன் உடம்பு சரியாகவே கண்டுபிடித்தது. உங்கள் உடம்பும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், இப்படிப் பதிகிற நினைவில் தேதி சரியாக ஒட்டுவதில்லை. என் பழைய ஆபீசில் ஒருவர் சாயங்காலம் சாவிக்கொத்தை மேசைமேல் போடுவார். ஒவ்வொரு தடவையும் என் வயிறு இறுகும், காது அடைக்கும். அது ஏன் என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது, அவ்வளவு எளிதான காரணம்தான் என்றாலும்.

"மறந்துவிடு" என்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது உதவாத யோசனை. சத்தம், இடம், பேச்சு என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தவிர்க்கத்தான் இது வேரூன்றுகிறது. பிடிஎஸ்டி என்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் முக்கியமான அறிகுறிகளில் தவிர்ப்பதும் ஒன்று. அது போக, விபத்து மாதிரி ஒரே நாளில் நடந்து முடிவதும், வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே நடப்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்களின் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்று தனியாகவே ஒன்றைச் சேர்த்தார்கள். பிடிஎஸ்டியின் அறிகுறிகளோடு உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற ஆழமான எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை ஆகியவையும் அதில் அடக்கம். உங்களுக்கு அது இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்த்த நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரையறையைப் படித்த அன்று, என் குணம் என்று நான் நினைத்திருந்த பாதி விஷயங்களுக்குப் பெயர் இருப்பது தெரிந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இன்டர்நெட்டில் ஏஸ் மதிப்பெண் என்று ஒன்று கண்ணில் படும், சிறுவயதுக் கொடுமைகளைக் கூட்டி ஒரு எண் தருவார்கள். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வாழ்க்கையே போச்சு என்று உட்காராதீர்கள். 1998-ல் அந்த எண்ணுக்கு அடிப்படையான ஆய்வை வெளியிட்டவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, ஒரு தனி மனிதருக்கு என்ன ஆகும் என்று கணிக்க அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல் சகாக்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்.

மீள முடியுமா என்று கேட்டதற்கு வருகிறேன். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெரிய பிரச்சினை இல்லாமல் வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒரு விஷயம், அவர்களை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்க்கையில் இருந்தார் என்பது. அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தாத்தா பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். ஆனால் என்னை உலுக்கியது இன்னொன்று. பதின்ம வயதில் தடுமாறிப்போனவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிமிர்ந்துவிட்டார்கள். படிப்பு, நிலையான ஒரு துணை, நம்பிக்கையான ஒரு கூட்டம் என்று ஏதோ ஒரு கதவு பிறகு திறந்திருக்கிறது. உங்களுக்கு 29 தான் ஆகிறது.

எனக்கு அந்தப் பெரியவர் என் அத்தை. அப்பாவுடைய சொந்த அக்கா. ஒரு நாள் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீ விழுந்ததுல வந்தது இல்லடா, எனக்குத் தெரியும்" என்றார். அவரால் எதையும் நிறுத்த முடியவில்லை. ஆனால் நடப்பது தப்பு என்று வீட்டில் ஒருவருக்குத் தெரியும் என்பதே என்னைப் பல வருடம் தாங்கிப் பிடித்தது.

வளர்ந்த பிறகு, அந்த இடத்துக்கு ஒருவரை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் போனது ஒரு உளவியல் ஆலோசகரிடம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று பயந்து இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் சில வாரங்கள் உறையும்போது என்ன செய்வது என்பதைத்தான் பழகினோம்: பாதத்தைத் தரையில் அழுத்துவது, மூச்சை மெதுவாக நீட்டி விடுவது, கண்ணில் படும் ஐந்து பொருளை மனசுக்குள் பெயர் சொல்வது, இன்றைய தேதியையும் என் வயதையும் சொல்லிக்கொள்வது. அற்பமாகத் தெரியும். ஆனால் தேதி இல்லாத நினைவுக்கு அதுதான் தேதி போடுகிறது. அப்புறம்தான் நடந்ததைப் பேசினோம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இருபுறமும் அசைத்தபடியே அந்த நினைவை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை) இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. எனக்குப் பலித்தது முதலாவது. ஆலோசகரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள், அது துரோகம் இல்லை.

அப்பாவை மன்னிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அதையும் சொல்லியிருப்பார்கள். மன்னிக்காமலும் குணமாகலாம். நான் இன்னும் மன்னிக்கவில்லை. இன்னும் அவரோடு ஒரே வீட்டில் இருந்து, கை நீட்டுவது இன்றும் தொடர்கிறது என்றால், மேலே சொன்னதெல்லாம் அப்புறம், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரையோ உதவி எண்ணையோ கூப்பிடுங்கள்.

கடைசியாக, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம் சொல்வது. சொல்லுங்கள், ஆனால் முழுக் கதையும் ஒரே நாளில் வேண்டாம். நான் என் மனைவியிடம் முதலில் சொன்னது ஒரே ஒரு வரிதான், விளக்கை அணைத்த பிறகு: "பூட்டில் சாவி உரசுகிற சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்கும்." அவள் ஏன் என்று கேட்கவில்லை, கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்தவள், சாவியைப் போடும் முன் வெளியிலிருந்தே "நான்தான்" என்று குரல் கொடுத்தாள். பத்து வருடம் ஆகிறது, இன்று சாயங்காலமும் கொடுத்தாள்.