ஷ்பேட்லேஸே ஏன் இனிக்கவில்லை?

கேள்வி: ஜெர்மன் ஒயினுக்கான சிறப்புச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். லேபிளில் வரும் காபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்ற தரப் பெயர்களை இனிப்பின் ஏறுவரிசையாக மனப்பாடம் செய்தேன். ஆனால் வகுப்பில் ருசித்த ஷ்பேட்லேஸே கொஞ்சமும் இனிக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: மனப்பாடம் செய்ததில்தான். அந்தப் பெயர்கள் பறிக்கும்போது திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைச் சொல்கின்றன, அதை அளக்கும் அலகு எக்ஸ்லே. பாட்டிலில் எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கதை. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஏறக்குறைய முழுதும் ஆல்கஹாலாக மாற்றிவிட்டால், ஷ்பேட்லேஸே போலத் தாமதமாகப் பறித்த பழத்திலிருந்தும் இனிப்பற்ற ஒயின்தான் வரும். லேபிளில் 'ட்ரோக்கன்' (இனிப்பற்றது) என்று இருந்ததா பாருங்கள். இருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான், அதையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை வகையின் புளிப்பு மறைத்துவிடும்.

அந்தச் சொல் இல்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். மோசல் ஆற்றுப் பகுதியின் ரீஸ்லிங்கில் 8 சதவீதம் என்றால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம், 12க்கு மேல் போனால் பெரும்பாலும் இனிக்காது.

அப்புறம், 13 ஒயின் பகுதிகளையும் பட்டியலாகப் படிக்காதீர்கள், தயவுசெய்து. வரைபடத்தில் ஆறுகளைப் பிடித்துக்கொண்டு போங்கள்: மோசல், ரைன், நாஹே, மைன். குளிரான நாட்டில் ஆற்றோரச் செங்குத்துச் சரிவில் ஏன் கொடி நட்டார்கள், பகல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ஸ்லேட் பாறை ஏன் முக்கியம் என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.