பக்க எண் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். காலை நான்கரைக்கு எழுந்து, வீட்டில் காபிக்குப் பால் வைக்கும் சத்தம் கேட்கும்வரை நாவல் படிக்கிறேன். படித்து முடித்ததும் மதிப்புரை எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் நான் முறையாகத் தமிழ் படித்தவன் அல்ல. பொழுது போவதற்காக எழுதுகிறவன் பிறர் நாவலைக் குறை சொல்லலாமா? புத்தகங்கள் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஒரு கண்ணில் புரை அறுவை ஆகியிருக்கிறது. அச்சுப் புத்தகமா, மின்னூலா, எது நல்லது? மதிப்புரை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

வி., நங்கநல்லூர்

அன்புள்ள வி.,

கண்ணைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். விலையைப் பற்றிப் புலம்ப வேண்டாம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை அங்கே இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர் நீங்கள். போய் வசூலித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் படிக்காத தயக்கமும் வீண். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியது முதன்மையாக விமர்சனத்துக்காக. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர். அவரிடம் யாரும் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை.

‘பொழுது போவதற்காக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். பொழுது போகாதவன் நான்கரை மணிக்கு எழுந்திருக்க மாட்டான்.

இனி உங்கள் மதிப்புரை. பத்துப் பத்திகள். ஒன்பதில் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். யார் யாருக்கு மகன், யார் யாரைக் கட்டிக்கொண்டார், சொத்து யாருக்குப் போயிற்று. (நாவலின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அந்த எழுத்தாளர் பாவம்.) ஐயா, ஓர் அரசு அலுவலகத்தைத் தணிக்கை செய்யப் போனால், கட்டடத்துக்கு எத்தனை ஜன்னல் என்று ஒன்பது பக்கம் எழுதிவிட்டு ‘மொத்தத்தில் கணக்கு அருமை’ என்றா முடித்தீர்கள்? வவுச்சர் எண், தேதி, தொகை போட்டு, ‘இந்தச் செலவுக்கு அனுமதி எங்கே?’ என்று கேட்டீர்கள். தாளை நெடுக்கில் மடித்து ஒரு பாதியில் கேள்வி, மறுபாதி பதிலுக்கு. ஹாஃப் மார்ஜின். என் பெரியப்பாவும் உங்கள் அலுவலகம்தான். வீட்டு மளிகைச் சிட்டையையே அப்படி மடித்துத்தான் பெரியம்மாவிடம் விளக்கம் கேட்பார். அந்தக் கையை ஓய்வூதியப் படிவங்களோடு சேர்த்து எங்கே ஒப்படைத்தீர்கள்?

பத்தாவது பத்தியில், போகிற போக்கில், ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: மாமியார் இறந்த மறுநாள் மருமகள் அவளுடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வது ‘ஏனோ உறுத்தியது’ என்று. அந்த ‘ஏனோ’வை விட்டுவிட்டு எங்கே ஓடினீர்கள்? அது எந்தப் பக்கம்? அவள் அதற்கு முன் வெற்றிலை போட்டதுண்டா? உறுத்தியது அவள் செய்கையா, அதை எழுதியவர் அவசரப்பட்டதா? மதிப்புரை அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் அங்கே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டீர்கள்.

எழுபதுகளில் மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். பக்கத்துக் கிளை நூலகத்தில் நாவல்களின் கடைசி வெற்றுத்தாளில் யாரோ பென்சிலால் குறிப்பு எழுதிவைப்பார். பொடி எழுத்து, நேர்வரிசை. ‘பக். 112 வரை நன்று. பிறகு ஆசிரியருக்கு அலுத்துவிட்டது.’ ‘பக். 40: வக்கீல் இப்படிப் பேச மாட்டார்.’ நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்புதான். நூலகர் ரப்பரும் கையுமாக அலைவார். எனக்கோ கதையைவிட அந்தக் கடைசித்தாள்தான் முக்கியம். புத்தகம் எடுப்பதற்கு முன் அதைத்தான் புரட்டிப் பார்ப்பேன்.

ஒரு நாவலில், அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி இறந்த தந்தி வருகிறது. மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு அழுகிறாள். அரைப்பக்கம் அழுகை. கடைசித்தாளில் பென்சில்: ‘பக். 84: இங்கே அழுதிருக்கக் கூடாது.’

எனக்குப் பதினைந்து வயது. அந்த அரைப்பக்கத்துக்கு நானும் அழுதிருந்தேன். ஆத்திரத்தில் பேனாவாலேயே அதன் கீழ் எழுதினேன்: ‘அழாமல் வேறென்ன செய்வாள்?’

திருப்பிக் கொடுத்துவிட்டு வாராவாரம் போய் அலமாரியில் தேடினேன். ஒன்றரை மாதம் கழித்துப் புத்தகம் கிடைத்தது. என் வரிக்குக் கீழே, அதே பொடி எழுத்து: ‘கோலத்தை முடித்துவிட்டு எழுந்திருப்பாள்.’

பதிலுக்குப் பதில் எழுதப் பேனாவைத் திறந்தேன். எழுத ஒன்றும் வரவில்லை.

அவர் பெயர் தெரியாது. முகம் தெரியாது. ஆனால் உங்களைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்றுதான் ஏனோ முடிவு கட்டியிருந்தேன். (பார்த்தீர்களா, நானும் ‘ஏனோ’ போடுகிறேன்.)

உங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் ஒன்பது பத்திகளை அடித்துவிட்டேன். ஒருநாள் கோபித்துக்கொண்டு இருங்கள். மறுநாள் நான்கரைக்கு எழுந்து, வெற்றிலைப் பெட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்.