நுழைவுச்சீட்டு மலிவுதான், கைக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து 42 பேர் ஒரு கிராமிய வாழ்வியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். 18 பேர் பிள்ளைகள், 6 பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பழைய பண்ணை வீடு, கொல்லன் பட்டறை, தறி, ஆடு மாடு எல்லாம் உண்டாம். "எல்லாவற்றையும் நீங்களே செய்து பார்க்கலாம்" என்று விளம்பரம் சொல்கிறது. குழுவாக வந்தால் நல்ல தள்ளுபடியும் உண்டு. முன்பணம் கட்டுமுன் என்னவெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: தள்ளுபடியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கருவி வைத்திருக்கிறீர்கள், சொல்லிக்கொடுக்க எத்தனை பேர்?" என்பதைத்தான். ஒரே ஒரு தறி, 40 நிமிடம், 42 பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. பத்துப் பேருக்கு ஐந்து தக்ளி (சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கைக்கருவி) இருந்தால், அதே 40 நிமிடத்தில் ஆளுக்கு 20 நிமிடம் கிடைக்கும்.

அந்த 20 நிமிடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. தக்ளியைப் பிடித்தவுடன் யாருக்கும் நூல் வராது. முறுக்கு ஏறுவதற்குள் இழுத்துவிடுவோம், இழை பிரியும், தக்ளி 'டொக்' என்று தரையில் விழும். நாலைந்து தடவை விழுந்த பிறகு, விரலுக்கு மேலே கம்பளியை எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்று கைக்கே புரிய ஆரம்பிக்கும். சரியாக அந்த நேரத்தில் "அடுத்தவர் வாங்க" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? நான் ஒருமுறை அழைத்துப்போன குழுவுக்கு அதுதான் நடந்தது. பிள்ளைகள் தறியைவிட வரிசையைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

அடுத்து, "செய்து பார்க்கலாம்" என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒருவர் செய்ய நாம் பார்ப்பதையும், கருவியைத் தொட்டுப் பார்ப்பதையும், நாமே செய்வதையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். எந்த வேலை எந்த வகை, எத்தனை வயதிலிருந்து அனுமதி, கம்பளி மாதிரிப் பொருளுக்குத் தனிக் காசா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பட்டறையில் சின்னப் பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துருத்தி ஊதவாவது விடுவார்களா என்று கேளுங்கள். அன்றைக்கு எல்லோரும் மூடிய காலணியும் பருத்தி உடையும் போட்டு வரட்டும். பொறி பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நேரத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நாலு குழு, நாலு வேலை, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், நடுவில் நடக்க 10 நிமிடம் என்றால் 3 மணி 10 நிமிடம். சாப்பாடு தனி. 42 பேரும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போவதும் தனி, சிரிக்காதீர்கள். "மொத்தம் இரண்டு மணி நேரம்" என்று அவர்கள் சொன்னால், நாலில் இரண்டை வெட்டிவிட்டு மீதியை நிதானமாகச் செய்யலாம். என் ஓட்டு அதற்குத்தான். குழு பிரிக்கும்போது பெரியவர்களைப் பிள்ளைகளோடு கலந்துவிடுங்கள். சின்ன வயதில் மத்து பிடித்தவர் ஒருவர் இருந்தால் வழிகாட்டிக்கே வேலை குறையும்.

பெரியவர்களுக்காக இன்னொன்று. 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியஸ் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, ஊர் ஊராகப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார். பின்னால் வந்த பலவும் அதே வழியில் போனவை. அசல் வீடு என்றால் அசல் வாசலும்தான்: தலையில் இடிக்கும் நிலை, உயரமான வாசற்படி, மேடுபள்ளமான பாதை. சாய்தளம் போட வழியில்லாத வீடுகளும் இருக்கும். "சக்கர நாற்காலி வசதி உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். எந்தெந்த வீட்டுக்குள் போகும், பாதை மண்ணா கல்லா, உட்கார எங்கெங்கே இடம் என்று பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி: 40 பேர் என்று பதிவு செய்தோம், 31 பேர்தான் வந்தார்கள். 40 பேருக்கும் பணம் பிடித்துக்கொண்டார்கள். இது நியாயமா?

பதில்: பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கையை இறுதி செய்யும் நாள் என்று ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு குறைந்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஆள் கணக்கை வைத்துத்தான் அன்றைக்கு எத்தனை பணியாளர் என்று முடிவு செய்கிறார்கள், அதனால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. படிவத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் கேட்டு வாதாடலாம். அடுத்த முறை கட்டாயம் வருகிற ஆட்களை மட்டும் பதிந்துவிட்டு, பிறகு சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் எத்தனை பேருக்கு என்பதையும் பாருங்கள். மழை வந்தால் கூரைக்குக் கீழே எந்த வேலை நடக்கும், அவர்களே ரத்து செய்தால் பணமா, வேறு தேதி மட்டுமா என்பதும் அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: ஆட்டுக்குட்டிகளைத் தொட விடுவார்களாம். பிள்ளைகள் ஐந்து வயதுக்குக் கீழே, கூட ஒரு கர்ப்பிணியும் வருகிறார். பயப்பட வேண்டுமா?

பதில்: பிள்ளைகள் தொடலாம். தொட்ட கையோடு வாயில் எதையும் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆடு மாடுகளிடமிருந்து ஈ.கோலை ஓ157 போன்ற கிருமி ஒட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது சிலசமயம் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். கையில் தெளிக்கும் கிருமிநாசினி போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கொட்டிலுக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கர்ப்பிணி குட்டி போடும் ஆடுகள், புதிதாய்ப் பிறந்த குட்டிகள் பக்கமே போக வேண்டாம். கருவைப் பாதிக்கும் தொற்றுகள் அங்கிருந்து வரலாம். குட்டி போடும் பருவமா என்று கேட்டே தேதி குறியுங்கள்.

கேள்வி: நாங்கள் போன அன்று கொல்லர் லீவு, உலை எரியவில்லை. படம் காட்டி விளக்கினார்கள். ஊருக்கு வந்து புகார் அனுப்பினோம், பதிலே இல்லை.

பதில்: வாசலைத் தாண்டுமுன்பே சொல்லியிருக்க வேண்டும். பொறுப்பாளரைக் கூப்பிட்டு, நிகழ்ச்சி நிரலில் "பட்டறை நடக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பேச்சே வேறு. போனது போகட்டும். அணைந்த உலை படத்தில் இருந்தால் அதையும், நிகழ்ச்சி நிரல், ரசீது இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். முழுப் பணத்தையும் கேட்காமல், நிரலில் நாலு வேலை இருந்தால், அதில் ஒன்று நடக்கவில்லை, கால் பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போகலாம். அப்போது இந்தக் கடிதமே உங்களுக்கு ஆதாரம்.