டீசல் லொறிக்கு மேலதிகமாக ஒரு பில்டர் பூட்டலாமா? எங்கே பூட்டுவது?

உங்கள் கேள்வி இதுதான்: சம்மாந்துறையில் நெல் ஏற்றுகிற லொறி, கொமன்ரெயில் எஞ்சின் (ஒரே பொதுக் குழாயில் கடும் அழுத்தத்தில் டீசலை வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கிற வகை), ஒரு தடவை இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம்) மாற்றியாகிவிட்டது. ஸ்பெயார்ஸ் கடையில் 2 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவுத் துகளையும் பிடிக்கும் என்று ஒரு பில்டரைக் காட்டி, கம்பெனி பில்டருக்கு (லொறியோடு வந்த பில்டருக்கு) பிறகு இதையும் பூட்டினால் இனிப் பயமில்லை என்கிறார்கள். நம்பலாமா?

மேலதிகமாக ஒன்று பூட்டுங்கள், நல்லது. ஆனால் கம்பெனி பில்டருக்குப் பிறகு வேண்டாம், அதற்கு முன்னால் பூட்டுங்கள். 2 மைக்ரோனும் வேண்டாம். அடியில் தண்ணீர் தேங்கும் கண்ணாடிக் கிண்ணத்தோடு வருகிற 30 மைக்ரோன் போதும். கல்முனைப் பக்கம் டீசல் வேலையே தொழிலாகச் செய்கிறவன் நான். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

காரணம், எங்கள் பக்கத்தில் இன்ஜெக்டரைக் கொல்வது தூசியைவிடத் தண்ணீர்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வட்டையும். மழைக்காலத்தில் மாவடிப்பள்ளி வீதி, வெல்லாவெளி வீதி, கிரான் பக்கம் எல்லாம் வெள்ளம் மேவிப் பாய்கிறது. வெயிலில் ஓடிச் சூடான டாங்கி குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். அந்த நேரம் காற்றுத் துவாரம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் டாங்கி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடி ரப்பர் வெடித்திருந்தால் சாதாரண மழையே போதும். இன்னொன்று பரல். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாள்களுக்குப் பிறகு, வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பரலில் டீசல் வாங்கி வைக்கிற பழக்கம் பலருக்கு விட்டுப்போகவில்லை. வெளியில் நிமிர்த்தி வைத்த பரலின் மேல்மூடியில் மழைத் தண்ணீர் தேங்கி, இரவில் மூடியின் புரி வழியாக உள்ளே இறங்கும். பரலை நிழலில், படுக்கையாக, மூடிகள் இரண்டும் டீசல் மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொமன்ரெயிலில் டீசல் 1,600 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 1,600 மடங்கு), சிலதில் 2,000 பார் வரை அழுத்தப்படுகிறது. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உள்ளே ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கு நடுவே சில மைக்ரோன் இடைவெளிதான். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். அவ்வளவு ஒடுக்கமான இடத்துக்கு எண்ணெய்ப்பசை கொடுப்பது ஓடுகிற டீசலேதான். அங்கே தண்ணீர் வந்தால் பசை போய்விடும், இரும்போடு இரும்பு தேயும், நிறுத்தி வைத்த நாளில் துருவும் பிடிக்கும். மிட்சுபிஷி கேன்டரின் 4டி33 மாதிரிப் பழைய எஞ்சின்கள் ஓரளவு தாங்கும். கொமன்ரெயில் தாங்காது.

கடைக்காரர் சொல்கிற இடம் ஏன் பிழை என்றால், பெரும்பாலான சின்ன ஜப்பான் லொறிகளிலும் பிக்கப்களிலும் டாங்கிக்குள் தள்ளுகிற பம்ப் கிடையாது. எஞ்சினில் இருக்கிற பம்பே டாங்கியிலிருந்து டீசலை இழுக்கிறது. அந்த இழுவைக் குழாயில் இன்னொரு 2 மைக்ரோன் தடையை வைத்தால் வெறும் லொறியில் ஒன்றும் தெரியாது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மகியங்கனை பதினெட்டு வளைவு ஏறும்போதுதான் தெரியும்: எஞ்சின் கேட்கிற அளவு டீசல் வராது, இழுவை விழும், டாஷ்போர்டில் விளக்கு எரியும். பம்பும் உலர்ந்து தேயும். அதோடு, கடைசியாக இருக்கிற பில்டரை மாற்றும்போது குழாயில் விழுகிற சின்ன மண் துகளும் நேரே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும்தான் போகும். முன்னால் பூட்டியிருந்தால் அந்தத் துகளைக் கம்பெனி பில்டர் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பிரிக்கவும் முன்பக்கமே சரியான இடம். டாங்கியிலிருந்து வரும்போது தண்ணீர் பெரிய துளிகளாக இருக்கும். டீசலைவிடக் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் தானாக இறங்கும். பம்பைத் தாண்டிவிட்டால் அது பொடிப்பொடியாக அடிபட்டு டீசலோடு கலந்துவிடும். அப்புறம் பிரிப்பது கஷ்டம்.

பெட்டியில் இருக்கிற மைக்ரோன் இலக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறுமனே ‘2 மைக்ரோன்’ என்று போட்டிருந்தால் அதில் பெரிய அர்த்தம் இல்லை. அந்த அளவுத் துகளில் எத்தனை வீதத்தைப் பிடிக்கும் என்பதே கேள்வி. அதைப் பீட்டா என்ற இலக்கத்தால் சொல்வார்கள்: பீட்டா 2 என்றால் பாதியைத்தான் பிடிக்கும், பீட்டா 75 என்றால் 98.7 வீதம், பீட்டா 1000 என்றால் 99.9 வீதம். பீட்டா 2 உள்ள 2 மைக்ரோன் பில்டரைவிட நல்ல 5 மைக்ரோன் பில்டர் எவ்வளவோ மேல். கம்பெனி பில்டரை ஒறிஜினலாக வாங்கச் சொல்லி நான் கெஞ்சுவது இதனால்தான். மலிவான போலியை உள்ளே வைத்துவிட்டு முன்னால் எவ்வளவு நல்லதைப் பூட்டினாலும் பலனில்லை.

வாங்கும்போது மணிக்கு எத்தனை லீற்றர் போகும் என்று பாருங்கள். எஞ்சின் எரிப்பதைவிட அதிகமாகவே பம்ப் இழுக்கும், மிச்சம் திரும்ப டாங்கிக்குப் போகும். எரிகிற அளவை மட்டும் கணக்குப் பார்த்துச் சின்னதாக வாங்கிவிடாதீர்கள். வாழைச்சேனைத் துறைமுகப் படகுக்காரர்களுக்குத் தெரிந்த ரேக்கோர் என்ற பிராண்டில் 30 மைக்ரோன் எலிமென்ட் (பில்டருக்குள் மாற்றுகிற வடிகட்டித் துண்டு) சிவப்பு, 10 நீலம், 2 மண்ணிறம். நிறம் பார்த்தே கேட்டு வாங்கலாம்.

பூட்டுகிற வேலையில்தான் அதிகமான லொறிகள் கெட்டுப்போகின்றன. புரியில் வெள்ளை டெஃப்லோன் டேப் சுற்றவே கூடாது. ஒரு லொறியில் கழன்று வந்த குழாய் மூட்டைத் திருப்பிப் பார்த்தபோது, உள்விளிம்பில் நூல் மாதிரி அந்த டேப் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி அறுந்து டீசலோடு போய்விட்டது. டீசல் தாங்குகிற திரவ சீலன்ட் இருக்கிறது, அதைப் பாவியுங்கள். நாகம் (சிங்க்) பூசிய தண்ணீர்க் குழாய் மூட்டுகளும் வேண்டாம், நாகம் டீசலில் கரைந்து இன்ஜெக்டரில் படியும். ஹோஸ் டீசலுக்கென்றே செய்ததாக, பழைய குழாயின் உள்விட்டத்துக்குக் குறையாததாக இருக்கட்டும். இடம் செசியின் பக்கத்தில், சைலன்சரிலிருந்து தள்ளி, சக்கரம் சேறு அடிக்காத இடமாக, நிலத்தில் குந்தியிருந்து கையெட்டுகிற உயரத்தில்.

பூட்டிய பிறகு காலையில் ஸ்டாட் ஆகத் தாமதித்தால் மூட்டில் காற்று இழுக்கிறது. இழுவைப் பக்கம் என்பதால் வெளியே டீசல் சொட்டாது, அதனால் பலர் அதைத் தேடுவதே இல்லை. பில்டருக்குப் பிறகு ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸ் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் மூட்டைத் திரும்ப இறுக்க வேண்டும்.

பூட்டியதும் தண்ணீர் வடிக்கிற பழக்கம் வர வேண்டும். லொறி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டாட் பண்ண முன்னர், ஒரு வெறும் சோடாப் போத்தலில் கொஞ்சம் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு படை உருண்டு நின்றால் தண்ணீர். மண்ணிறமாக இருந்தால் டாங்கியில் துரு. கறுப்பாகக் கொழகொழவென்று வந்தால் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கிருமி வளர்ந்திருக்கிறது. அப்போது டாங்கியையே இறக்கிக் கழுவ வேண்டும், பில்டர் மாற்றி மாற்றிக் காசு கரைக்காதீர்கள். வடித்ததை வாய்க்காலில் ஊற்றாமல் கராஜில் கழிவு ஒயில் சேர்க்கிற பரலில் ஊற்றுங்கள்.

பழைய டாங்கி என்றால் முதல் எலிமென்ட் சீக்கிரம் அடைக்கும். அது தன் வேலையைத்தான் செய்கிறது, பயப்பட வேண்டாம். கேபினுக்குள் ஒன்று மேலதிகமாக வையுங்கள். புதிய எலிமென்டுக்குள் கானால் டீசல் ஊற்றி நிரப்பிப் பூட்டுகிற வழக்கம் கொமன்ரெயிலுக்கு ஆகாது. வெறுமையாகப் பூட்டிவிட்டுக் கைப்பம்பால் அடித்து நிரப்புங்கள்.

மண்ணெண்ணெய் கலந்த டீசலை எந்தப் பில்டரும் பிரிக்காது, அதையும் மனதில் வையுங்கள். லொறி இன்னும் ஏஜென்ட் உத்தரவாதத்தில் இருந்தால் குழாயை வெட்ட முதல் அவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

லொறியின் மொடலும் வருடமும் கீழே எழுதினால், கைப்பம்ப் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் குழாயை வெட்டலாம் என்று சொல்கிறேன்.