வேலையிடத்தில் பொறுப்பிலுள்ள பெண்ணுக்கு நெருக்கடி நேரத்தில் கிறிஸ்தவ விசுவாசம் உண்மையில் உதவுகிறதா?

"ஜெபித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்கிற பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலூர் சி.எம்.சி.யை (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை) தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை இதைவிட நேர்மையானது.

மிஷனரிக் குடும்பத்துப் பெண். ஆனால் அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஓரிரவு, மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். மருத்துவரான தன் தந்தையை அழைத்துப்போகச் சொன்னார் ஐடா. ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் தெரிந்தது, மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதையே தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டு, 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு இந்தியா திரும்பினார்.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்றார் ஓர் அதிகாரி. வந்தவை 151.

ஆனால் உண்மையான சோதனை 1938இல்தான் வந்தது. பட்டப்படிப்பாகத் தரம் உயர்த்தாவிட்டால் பள்ளி நடக்காது என்றது சென்னை மாகாண அரசு. அவருக்கோ எழுபது நெருங்குகிறது. அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். பெண்களுக்கு மட்டும் என்ற தன் சொந்தத் திட்டத்தையும் விட்டுக்கொடுத்தார்; 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள். பழைய ஆதரவாளர்கள் சிலருக்கு அதில் கடும் வருத்தம்.

நிறுவனம் தன்னுடையது அல்ல என்று நம்பியவரால்தான் அப்படி இறங்கிவர முடியும் என்பது என் கருத்து. அதன் குறிக்கோள் வாசகமே, "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய" என்ற மத்தேயு வசனம்தான்.